வரப்பில் கிடந்த சட்டி

"டீச்சர், என் கண்ணு கொள்ளிக்கண்ணு. இந்தக் கேமராவை நீங்களே வச்சுக்கங்க."

வாசற்படியில் நின்றபடியே சொன்னார் கலியபெருமாள். கேமராவை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார்.

மங்கையர்க்கரசி டீச்சர் அப்போது தோசைக்கு ஊறப்போட்ட உளுந்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கறுப்புத் தோல்.

"உள்ள வாங்கண்ணே" என்றார்.

குரு அண்ணே என்கிறார், சிஷ்யர் டீச்சர் என்கிறார் என்று யாரும் குழம்ப வேண்டாம். சிஷ்யருக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு இப்போதுதான் நாற்பது. மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அதை விட்டுவிட்டு மொபட்டில் ஏறி வயல்களைப் படம் பிடிக்கப் போய்விட்டார்.

வயல்களை என்றால் ஊரிலுள்ள வயலை எல்லாம் இல்லை. வருஷத்துக்கு ஒரு வயல். கோடையில் மண் வெடித்துக் கிடக்கும்போது போவார். நாற்று நடும்போது போவார். கதிர் முற்றும்போது போவார். அறுத்த பிறகு வெறும் தாளாகக் கிடக்கும்போதும் அதே வரப்பில் போய் நிற்பார். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவர் ஒரு கொக்கு மாதிரி பழகிப்போனவர்.

கலியபெருமாள் கதை வேறு. காலமெல்லாம் கல்யாண போட்டோ எடுத்தவர். ஸ்டுடியோவை மூடிய அன்றைக்கு, இனிமேல் பொண்ணு மாப்பிள்ளை முகத்தில் விழிப்பதில்லை, பயிர் பச்சையைத்தான் எடுப்பது என்று ஒரு சபதம். டீச்சர் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுங்கள் என்று வந்து நின்றார்.

டீச்சர் அன்றைக்குச் சொன்னது ஒன்றுதான். ஒரு வயலைப் பிடியுங்கள், வருஷம் பூரா அதையே எடுங்கள்.

கேட்டாரா? கேட்கவில்லை. எந்த ஊரில் கதிர் பொன்னாக நிற்கிறது, எந்தக் குளத்தில் தாமரை நிறைந்து கிடக்கிறது என்று விசாரித்து விசாரித்து ஓடினார். கல்யாண வீட்டில் பழகின கால். முகூர்த்த நேரத்துக்குத்தான் போய் நிற்கும்.

வினையும் அங்கேதான் வந்தது.

கார்த்திகையில் ஓர் ஊரில் சம்பாப் பயிர் கடல் மாதிரி அலையடித்துக்கொண்டு நின்றது. எடுத்தார். அந்த வாரமே வாய்க்கால் உடைத்துக்கொண்டு அத்தனையும் முழுகிற்று. ஏர் பூட்டி நின்ற ஒரு ஜோடி மாட்டை எடுத்தார். வலத்து மாடு தீனி எடுக்காமல் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. ஆற்றங்கரையில் ஓர் இலுப்பை மரத்தை எடுத்தார். அதில் இடி விழுந்தது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று முதலில் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். ஆனால் உட்காருகிற போதெல்லாம் பழம் விழுந்தால் காக்கைக்கே சந்தேகம் வருமா இல்லையா?

முழுகின ஊருக்கு ஒரு தடவை மனசு கேட்காமல் போனார். பிழைத்த கொஞ்சம் பயிருக்கு நடுவே திருஷ்டிப் பொம்மை ஒன்று வைத்திருந்தார்கள். வைக்கோல் உடம்பு, துருத்தின நாக்கு. எந்த ஊரிலும் அது ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கும். அங்கே அது ரோட்டைப் பார்க்கவில்லை. முன்பு அவர் கேமராவோடு நின்ற மேட்டைப் பார்த்து நின்றது.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் அங்கே நிற்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. பிள்ளைத்தாச்சி எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டார். கன்றுக்குட்டி துள்ளினால் வேறு பக்கம் திரும்பினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளுத்ததும் பேய்.

இதெல்லாம் டீச்சருக்குத் தெரிந்த கதை. ஒவ்வொன்றும் நடந்தபோதே வந்து புலம்பியிருக்கிறார். டீச்சரும் கேட்டுவிட்டு ஒரு டம்ளர் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். ஆனால் இந்தத் தடவை மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்ப யாரோட வயல்ணே?" என்று கேட்டார் டீச்சர்.

"தங்கச்சி வயல்" என்றார் கலியபெருமாள்.

தங்கச்சி பெயர் சௌந்தரவல்லி. ஆலங்காலில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தை அவள்தான் ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். போன வருஷம் பயிரை வெள்ளம் கொண்டுபோயிற்று. அதற்கு முந்தின வருஷம் புகையான் பூச்சி. இந்த வருஷம்தான் சாமி கண்ணைத் திறந்து, கதிர் முற்றித் தலை சாய்த்து நின்றது. அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் அவளுக்கு அடுத்த வருஷச் சோறு.

பொங்கலுக்கு முன்னால் போனில், அண்ணே, ஊரான் வயலையெல்லாம் எடுக்கிறியே, என் வயல் உனக்கு இளப்பமா என்று கேட்டாள். இவர் லென்ஸ் ரிப்பேர் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார்.

பிறகு பொங்கல் சீர் கொடுக்கப் போனவர், அந்தப் பாழாய்ப்போன கேமராவை வீட்டில் வைத்துவிட்டல்லவா போயிருக்க வேண்டும்? தோளில் மாட்டிக்கொண்டே போனார். காலையில் பல் விளக்க வாய்க்காலுக்குப் போனார். பனி மூட்டம். அதற்குள்ளிருந்து வெயில் லேசாகக் கசிந்தது. ஒவ்வொரு கதிரிலும் பனித்துளி. அவர் வரப்பில் குந்திவிட்டார். கை தன்னால் கேமராவைத் தூக்கிற்று.

"எடுத்ததுகூடப் பெரிசில்ல டீச்சர்" என்றார். "சட்டியைப் பிடுங்கிட்டேன்."

வரப்போரத்தில் ஒரு கழியில் கரிச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தாள் வல்லி. சுண்ணாம்பில் இரண்டு பெரிய கண், வரிசையாகப் பல். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று எல்லாரும் வைப்பதுதான். படத்துக்குள் அது நட்டநடுவில் முழித்துக்கொண்டு நின்றது.

மணமேடை ஓரத்தில் பிளாஸ்டிக் குடம் கிடந்தால், யாருடைய செருப்பாவது தெரிந்தால், ஒரு வார்த்தை கேட்காமல் நகர்த்திவிட்டு எடுக்கிற தொழில் அவருடையது. அந்தக் கை நினைக்கவே இல்லை. கழியோடு பிடுங்கிற்று. சட்டியை வரப்பில் வைத்தது. படத்தை எடுத்தது. அதற்குள் வீட்டிலிருந்து வல்லி காபிக்குக் கூப்பிட்டாள், போய்விட்டார்.

திரும்ப நட்டுவைக்க மறந்தது பஸ்ஸில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது. போன் பண்ணி என்னவென்று சொல்வது? உன் வயலை நான் பார்த்துவிட்டேன், காவலையும் பிடுங்கிவிட்டேன் என்றா? மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து நேரே டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

டீச்சர் கையைக் கழுவினார். துணியைப் பிரித்தார். கேமராவைத் திறந்து அந்தப் படத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். கலியபெருமாள் அந்தப் பக்கம் திரும்பாமல் சுவரில் தொங்கின காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிட்டா சரியாப் போயிடுமா டீச்சர்?"

டீச்சர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்தப் படத்துல எத்தனை பயிர்ணே இருக்கு?" என்று கேட்டார்.

"என்ன கேள்வி இது. ஒண்ணுதான். நெல்லு."

டீச்சர் கேமராவை மூடி, மறுபடியும் துணியில் சுற்றி, அவர் மடியிலேயே வைத்துவிட்டார்.

"எண்ணிட்டு வாங்க."

அவ்வளவுதான். திரும்பவும் உளுந்தைக் கழுவப் போய்விட்டார்.

கலியபெருமாளுக்கு ஆத்திரமான ஆத்திரம். வீடு பற்றி எரிகிறது என்று வந்தால் விடுகதை போடுகிறாளே இந்த அம்மா என்று வழி முழுக்கத் திட்டினார். பிறகு, இது ஏதோ வேதாந்தமாக இருக்கும் என்று தோன்றியது. உலகத்துப் பயிரெல்லாம் ஒரு பயிர், இறைவன் ஒருவனே விவசாயி, அந்த மாதிரி. அதுவும் ஒன்று என்றுதானே வருகிறது? படத்தைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறக்க மாட்டார். இன்னொரு தடவை பார்த்தால் இன்னொரு தடவை சுடுமே என்ற பயம்.

கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வானம் மூடிக்கொண்டது. மத்தியானம் தூறல் மாதிரி ஆரம்பித்தது, அப்புறம் ஒரு ஊற்று ஊற்றிற்று. ஓட்டில் சடசடவென்று துளி விழுந்தது. ஜன்னலை மூடினார். மூடினாலும் சத்தம் கேட்டது. மனைவி என்னவென்று கேட்டதற்கு, வல்லி சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேன் என்று சொல்லி அழுதார். வயசான மனுஷன் அழுதால் பார்க்கச் சகிக்காது. அந்த அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

விடிந்ததும் முதல் பஸ். கேமராவை எடுத்துக்கொள்ளவில்லை. தங்கச்சி காலில் விழுவது என்று முடிவு பண்ணியிருந்தார். ஆலங்கால் நிறுத்தத்தில் இறங்கினவர் ஊருக்குள் போகாமல் நின்றார். மழை விட்டிருந்தது. அங்கேயே நின்றால் வயலைப் பார்க்க வேண்டியதில்லை. சாயங்காலம் வரை அப்படியே நின்றுவிடலாமா என்றுகூட யோசித்தார்.

கடைசியில் போனார்.

பயிர் படுத்துவிட்டது. யாரோ பாய் விரித்தாற்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, கதிரெல்லாம் தண்ணீரில் கிடந்தது. அக்கம்பக்கத்து வயலெல்லாம்கூட அப்படித்தான் கிடந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. தங்கச்சி வயல் மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது.

சட்டி அவர் வைத்த இடத்திலேயே வரப்பில் இருந்தது. அதற்குள் மழைத் தண்ணீர். சுண்ணாம்பு கரைந்து ஒரு கண் அழிந்துபோயிருந்தது. மற்றக் கண் அவரைப் பார்த்தது. ஓடிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

வல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் வரப்பை வெட்டி வடிகாலுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவளும் அழுதிருக்கிறாள்.

"வல்லி, நான்தான் இதுக்குக் காரணம்" என்றார் கலியபெருமாள். "பொங்கலுக்கு வந்தப்போ உன் வயலைப் படம் எடுத்தேன். இந்தச் சட்டியையும் பிடுங்கிட்டேன்."

வல்லி சட்டியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். வாயில் வந்தபடி ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார்.

"நீதான் பிடுங்கினியா? நான் மாடுதான் முட்டித் தள்ளிடுச்சுன்னு நினைச்சேன்" என்றாள். "சரி, அந்தச் சட்டியைத் தூக்கிட்டு அந்த மூலைக்குப் போ. அங்க பள்ளம், தண்ணி வடியலை. மொண்டு வெளிய ஊத்து."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் சொன்னபடி போனார். கண்ணும் பல்லும் வரைந்த சட்டியால் தண்ணீரை மொண்டு வரப்புக்கு அந்தப் பக்கம் ஊற்றினார். நாலு தடவை ஊற்றியதும் மனசு தாங்காமல் நின்றுவிட்டார்.

"படுத்த நெல்லுக்குத் தண்ணி இறைச்சு என்ன தங்கச்சி ஆகப் போவுது?"

"நெல்லுக்கு யாரு இறைக்கிறா?" என்றாள் வல்லி. "காலைப் பார்த்து வையிண்ணே. மிதிக்கிறே."

கலியபெருமாள் குனிந்து பார்த்தார்.

சாய்ந்த தாளுக்கு நடுவே, கலங்கின தண்ணீரில், பொடிப்பொடியாகப் பச்சை. ஒவ்வொன்றிலும் இரண்டு இலை. அவருடைய பெருவிரலுக்குக் கீழே ஒன்று நசுங்கிக் கிடந்தது.

உளுந்து.

அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால், நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நெல்லின் நிழலில் அது முளைத்துவிடும். நெல்லை அறுத்துக்கொண்டு போனதும் வெயிலைப் பார்த்து நிமிர்ந்துகொள்ளும். இது கலியபெருமாளுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர், போதாததற்கு நாள் தவறாமல் தோசை தின்கிறவர். தெரியும், பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் யார் காலைப் பார்க்கிறார்கள்?

நெல்லுக்கு ஆள் விட்டு அறுத்தால் பாதியாவது தேறும் என்றாள் வல்லி. ஆனால் உளுந்து பச்சைப்பிள்ளை, இன்றைக்குச் சாயங்காலம் வரை தண்ணீர் நின்றால் அழுகிவிடும், அப்புறம் இந்த நிலத்தில் ஒன்றுமே இல்லை என்றாள். சொல்லிவிட்டு மறுபடி மண்ணை வெட்டினாள்.

அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. சட்டியை முக்கினார், ஊற்றினார். விரலை ஊன்றி ஊன்றி, முளை இல்லாத இடம் பார்த்துக் கால் வைத்தார். மேலே மேகம் இன்னும் கலையவில்லை. ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் வானத்தைப் பார்த்துப் பயந்தார். இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. இதில் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

பொழுது சாயும்போது மண் தெரிந்தது.

"பொழைக்குமா வல்லி?"

"வெயில் வந்தா பொழைக்கும்" என்றாள் அவள். சட்டியை வாங்கி, அழிந்த கண்ணைச் சேற்றுக் கையால் துடைத்துப் பார்த்துவிட்டு, கழியை நட்டு அதில் திரும்பக் கவிழ்த்தாள்.

மறுநாள் வெயில் வந்தது. சுரீரென்ற வெயில்.

கலியபெருமாள் பீரோவைத் திறக்கச் சொல்லி, கேமராவை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். நகத்துக்குள் இன்னும் சேறு இருந்தது. டீச்சர் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணியாச்சாண்ணே?"

"ரெண்டு" என்றார் கலியபெருமாள்.

டீச்சர் தோசையைத் திருப்பிப் போட்டார். "எங்க, காட்டுங்க."

கலியபெருமாள் துணியைப் பிரித்தார். திறந்தார். அன்றைக்கு எடுத்த பிறகு முதல் தடவையாக அந்தப் படத்தைப் பார்த்தார். பனி, வெயில், பொன்னாகக் கதிர். பெரிதாக்கி, கதிரை விட்டு விரலை மெல்லக் கீழே கொண்டுபோனார். படத்தின் அடியில் கால்வாசி வெறும் மண்ணும் தாளும்தானே, வீட்டுக்குப் போனதும் வெட்டிவிடலாம் என்று எடுத்த அன்றைக்கே நினைத்திருந்த இடம் அது.

அங்கே இருந்தன. ஒன்றில்லை, வரப்போரம் நெடுக. இரண்டிரண்டு இலையாக, இலைக்கு ஒரு பனித்துளியோடு, அவர் குந்தியிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி.

தோசை கருகுகிற வாசனை வந்தது. டீச்சர் அடுப்பை அணைத்தார்.

"அப்ப நெல்லு சாஞ்சது?" என்று கேட்டார் கலியபெருமாள்.

"சாஞ்சதுதான்" என்றார் டீச்சர்.

"அது என் கண்ணாலயா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க டீச்சர். என் கண்ணு எரிக்குமா, எரிக்காதா?"

டீச்சர் படத்தின் அடியில் இருந்த முளையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"எரிக்கிறது இருக்கட்டும்ணே. முதல்ல அது பார்க்கட்டும்."